புதுப்பிப்பு: அமெரிக்கப் பன்றிகளும் வேட்டையும்

அமெரிக்காவில் வளர்ப்பிலிருந்து தப்பிக் காடேறிய பன்றிகள் வயலை உழுதுபோடுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒன்றேதான்: எல்லாரும் சுடலாம் என்று விட்டுவிட்டால் தீராதா?

டென்னசி 1999இல் அதைத்தான் செய்தது. மாநிலம் முழுக்க வேட்டையைத் திறந்துவிட்டார்கள். பன்றி குறையவில்லை, அதுவரை பன்றியே இல்லாத மாவட்டங்களிலும் புதிதாகக் கிளம்பியது, ஏனென்றால் பக்கத்திலேயே வேட்டை வேண்டும் என்று சிலர் அவற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். 2011இல் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

மிசூரி 2016இல் தன் வனப்பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடுத்தது. எனக்குச் சரியாகப்படுவது இதுதான். இரண்டைச் சுட்டால் மீதிக் கூட்டம் சிதறி ஓடும், அப்புறம் அவற்றைப் பிடிக்க வைக்கும் கூண்டுப் பக்கமே வராது. அதனால் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்ததைக் கேமராவில் பார்த்த பிறகே கதவை விழவிடுகிறார்கள். ஒரு வயது ஆகுமுன்பே குட்டி போடும் விலங்கை ஒன்றொன்றாகச் சுட்டு எப்படிக் குறைப்பது?

டெக்சாஸில் 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்தும் சுடலாம், இருந்தும் அங்கே பன்றிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அமெரிக்க அரசின் 2018 விவசாயச் சட்டம் பன்றி ஒழிப்பு முன்னோட்டத் திட்டத்துக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த மாதிரிப் பணம் கூண்டுகளுக்கும், பன்றி கடத்துபவர்களைப் பிடிப்பதற்கும் போக வேண்டும், இல்லையென்றால் விவசாயி இன்னும் எத்தனை அறுவடையை இழப்பார்?