புதுப்பிப்பு: ரேடியோ ஃபியூஸ் எரிஞ்ச கதை

போன கிழமை கேட்டிருந்தேன்: நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் கார் ரேடியோவின்ர 10 அம்பியர் ஃபியூஸ் எரியுது, வீட்டு வாசலில நிண்டால் ஒண்டுமில்லை எண்டு. ஆள் பிடிபட்டிட்டார்.

20 அம்பியர் போடச் சொன்ன அண்ணைமார் மன்னிக்கவேணும், போடேல்லை. ஃபியூஸ் தாங்கும், வயர் எரியும்.

புது ஃபியூஸ் போட்டால் ரேடியோவில பதிஞ்சு வைச்ச ஸ்டேசன் எல்லாம் அழியாமல் அப்பிடியே இருந்தது. அப்ப அந்த ஞாபகத்துக்கு நிரந்தரக் கரண்ட் வாற மஞ்சள் வயர் சரி. சாவி திருப்பினால் கரண்ட் வாற சிவப்பு வயரிலதான் பிழை. ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில 21 வாட் பிரேக் பல்ப் ஒண்டை மாட்டினன். ஷோர்ட் ஆனால் பல்ப் முழு வெளிச்சத்தில எரியும், ஃபியூஸ் வீணாகாது. ரேடியோவைக் கழற்றியும் காரை ஆட்ட பல்ப் பளிச்செண்டு மின்னிச்சுது. அப்ப ரேடியோவில பிழையில்லை.

அதே ஃபியூஸில சிகரெட் லைட்டரும் இருக்கு. பற்றரி வயரைக் கழற்றிப்போட்டுப் பார்த்தால், ஓட்டைக்குள்ள ஒரு ரூபாய்க் குத்தி! பள்ளத்தில விழேக்க நடு முனையையும் சுவரையும் சேர்த்துத் தொட்டிருக்கு.

சின்னவர் "உண்டியல்" எண்டு போட்டவராம். உப்புக்காத்தில வந்த கறள் எண்டு சொன்ன கராஜ்காரருக்கு இன்னும் சொல்லேல்லை.