வீட்டிலேயே இரும்பு வெட்ட: கை மெஷினா, 14 இஞ்ச் மெஷினா?

கானாடுகாத்தான்_வீடு
எங்கள் ஐயா காலத்து வீடு. வளவு முற்றத்துக்கு மேலே இருக்கும் கம்பிக் கட்டம் இரண்டு இடத்தில் துருவேறி விட்டுப்போய்விட்டது. குரங்கு அந்த வழியாக இறங்கி அடுப்படி வரை வருகிறது. அந்த இடத்துக்குப் புதுச் சட்டம் செய்ய வேண்டும். 25 மி.மீ. சதுரக் குழாய் (சுவர் 2 மி.மீ.), 12 மி.மீ. கம்பி, கொஞ்சம் 5 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு). மொத்தம் நாற்பது வெட்டு வரும். பற்றவைக்க ஆள் வருவார், வெட்டி வைப்பது என் வேலை. கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. என்ன வாங்கலாம்?

கிரில்காரர்_கோவிலூர்
யோசிக்கவே வேண்டாம், தரையில் வைத்து 14 இஞ்ச் வீலை (வெட்டும் வட்டத் தகட்டை) மேலிருந்து இறக்கி வெட்டும் கட்டிங் மெஷின். புதிது உங்கள் காசுக்குக் கொஞ்சம் மேலே போகும், பழையது கிடைக்கும். 90, 45 டிகிரி இரண்டும் வைஸில் (இரும்பைக் கவ்வும் பிடியில்) வைத்துப் பூட்டி இறக்கினால் வந்துவிடும். கை மெஷினில் கோடு பார்த்து வெட்டுகிறேன் என்பார்கள். மூலையில் ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், இரண்டடி தள்ளி ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்கும். அப்புறம் வெல்டர்தான் இடைவெளியை வெல்டிங் ராடு போட்டு ரொப்ப வேண்டும். இருபது வருடமாக அந்த ரொப்புகிற வேலையைப் பார்த்து நொந்துபோனவன் நான்.

பள்ளத்தூர்_மகள்
அண்ணே, பட்டறைக்கு நீங்கள் சொல்வது சரி. நாற்பது வெட்டுக்கு அது எதற்கு? 14 இஞ்ச் மெஷின் 2000 வாட்டுக்கு மேல், ஓடும்போதே 9, 10 ஆம்பியர் இழுக்கும், சுவிட்சைப் போடும் நொடியில் இன்னும் அதிகம். நம் ஊர்ப் பழைய வீட்டு ஒயரிங்கில் 15 ஆம்பியர் பிளக் எத்தனை இருக்கும்? ஏஜி-4 என்கிற நாலு இஞ்ச் கை மெஷின் 700 வாட் சுமார், 3 ஆம்பியரில் அடங்கும். நான் மூவாயிரத்துக்குள் வாங்கினேன்.

கோடு சாயாமல் வெட்ட ஒரு வழி இருக்கிறது. மூலைமட்டம் வைத்து குழாயின் நாலு பக்கமும் கோடு போடுங்கள். தொடங்கிய கோடும் முடிந்த கோடும் ஒன்றோடொன்று சேர வேண்டும், சேராவிட்டால் மட்டம் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். 1 மி.மீ. வீலால் நாலு பக்கமும் லேசாகக் கீறல் மட்டும் போட்டுச் சுற்றி வாருங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் வெட்டுங்கள். ஒரே இறக்கில் கீழ்ச்சுவர் வரை போகிறவர்களுக்குத்தான் கோணும்.

தேவகோட்டை_ஃபிட்டர்
தம்பி, இரண்டு பேரும் மெஷினிலேயே நிற்கிறார்கள். நான் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன். ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் கை ரம்பம்) ஃபிரேம் ஒன்று, நல்ல பைமெட்டல் பிளேடு நாலு, ஒரு வைஸ். உங்கள் காசில் பாதி மிஞ்சும்.

ஹேக்ஸா ஓடாது என்பவர்கள் பெரும்பாலும் பிளேடைத் தப்பாகப் போட்டவர்கள். எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். 2 மி.மீ. குழாய்ச் சுவரில் அங்குலத்துக்கு 18 பல் பிளேடு வைத்தால் ஒரு பல்தான் படும், அது மாட்டிக்கொண்டு உடையும். குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல், ஆங்கிளுக்கு 24. 32 பல்லைக்கூடக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் மூன்று பல் வரும். பல் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும், தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஐம்பது இழுப்பு போதும்.

கிரில்காரர்_கோவிலூர்
ஐயா, அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் நாற்பது வெட்டை ஹேக்ஸாவில் அறுத்தால் பழக்கமில்லாத கைக்குப் பத்தாவது வெட்டிலேயே கோடு போய்விடும்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏஜி-4 புதுக் கைக்கு ஆபத்து. எங்கள் பட்டறையில் ஒரு பையன் வீலை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு 5 இஞ்ச் வீலைப் போட்டான். வீல் உடைந்து கன்னத்தில் ஏழு தையல். கண் தப்பியது தெய்வச் செயல். அன்றிலிருந்து கை மெஷினைப் புதியவர்களிடம் நான் கொடுப்பதே இல்லை.

பள்ளத்தூர்_மகள்
அந்தத் தம்பிக்கு நடந்ததைப் படித்து மனது கஷ்டமாக இருந்தது. ஆனால் காரணம் மெஷின் இல்லை அண்ணே. சாதாரண 5 இஞ்ச் வீல் தாங்குவது நிமிடத்துக்கு 12,200 சுற்று. ஏஜி-4 பல மாடல்கள் 11,000, 12,000 என்று ஓடும், ஆக வீல் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. 4 இஞ்ச் வீல் 15,000க்கு மேல் தாங்கும். கார்டு இருந்திருந்தால் 5 இஞ்ச் உள்ளேயே போயிருக்காது. வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும், அது கடந்த வீலையும், நனைந்த வீலையும் தூக்கிப் போடுங்கள். வெட்டும் துண்டு ஒரு முனையில் தொங்கலாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் கட்டை கொடுத்து நடுவில் வெட்டினால் வெட்டுவாய் மூடி வீலைக் கவ்வும், மெஷின் உங்கள் பக்கம் எகிறும்.

இன்னொன்று, முற்றத்தில் வைத்து வெட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெட்டினோம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை ஈரத்துணி போட்டுத் துடைத்ததும் தரை முழுக்கக் கடுகு கடுகாகத் துருப்புள்ளி. பொறி என்பது சூடான இரும்புத் தூள்தானே, கல்லில் ஒட்டிக்கொண்டு துருவேறுகிறது. கண்ணாடியில் பட்டாலும் உருகி ஒட்டும். அப்பத்தா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ஒன்றில் ஊசி குத்தியது போல் இன்றும் இருக்கிறது. கொல்லைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தேவகோட்டை_ஃபிட்டர்
பழைய கம்பியை எப்படி எடுக்கப் போகிறீர்கள் தம்பி? அதை யாரும் கேட்கவில்லையே. அந்தக் காலத்துப் பெயின்ட் பெரும்பாலும் ஈயம் கலந்தது. அதைக் கை மெஷினில் வெட்டினால் ஈயத் தூள் வளவு முழுக்கப் பறக்கும், சின்னப் பிள்ளைகள் ஓடுகிற இடம். ஏணியில் நின்று, தலைக்கு மேலே ஓடும் மெஷினோடு, கீழே பர்மா தேக்குத் தூண். வேண்டாம். அந்த நாலைந்து கம்பியை மட்டுமாவது ஹேக்ஸாவில் அறுங்கள். இடத்தை நனைத்துக்கொண்டு, கீழே தார்ப்பாய் விரித்து.

பள்ளத்தூர்_மகள்
இதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. மேலே இருப்பதற்கு ஹேக்ஸாதான்.

கிரில்காரர்_கோவிலூர்
அப்படியென்றால் புதுச் சாமானை எங்களைப் போன்ற ஒரு பட்டறையில் வெட்டி வாங்குங்கள். குழாய் 20 அடி நீளத்தில்தான் வரும், குட்டியானையில் முழுசாக ஏற்றவும் முடியாது. அளவுச் சீட்டு கொடுத்தால் அரை நாளில் நாற்பது வெட்டும் 45-ல் கச்சிதமாகக் கிடைக்கும்.

கானாடுகாத்தான்_வீடு
எல்லாரும் சொன்னதைப் படித்துவிட்டு ஏணி போட்டு ஏறி அளந்தேன். திறப்பின் இரண்டு மூலைவிட்டமும் 3 செ.மீ. வித்தியாசம். வீடு சதுரமாகவே இல்லை. 45-ல் வெட்டி வந்தால் நாலு மூலையும் சேராது. ஒவ்வொரு துண்டையும் அங்கேயே வைத்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அதனால் ஏஜி-4, ஹேக்ஸா ஃபிரேம், ஒரு வைஸ். மூலையில் 45 இல்லாமல் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை முட்டவைத்துச் சேர்க்கிறேன். கொல்லையில் வேட்டி இல்லாமல் காட்டன் பேன்ட், கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை.

கிரில்காரர்_கோவிலூர்
சதுரம் இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி, என் 45-ஐ விட்டுவிடுகிறேன். நாற்பதில் பாதி வெட்டியதும் 14 இஞ்ச் மெஷினை நினைப்பீர்கள் என்பதை மட்டும் விடமாட்டேன். முட்டவைத்தால் குழாயின் வாய் திறந்தபடி இருக்கும். ஐப்பசி மழை உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து துரு தின்னும். 2 மி.மீ. தகட்டில் 25க்கு 25 வில்லை எட்டு வெட்டி வையுங்கள், வெல்டர் வாயை அடைத்துவிடுவார். தகட்டை வைஸில் இரண்டு கட்டைக்கு நடுவே இறுக்கிப் பிடித்து வெட்டுங்கள், கையில் பிடித்து வெட்ட வேண்டாம்.