உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்குமா?

வெள்ளாவி:
"புதுத் துணியை ஒரு கைப்பிடி உப்பும் அரை கப் வினிகரும் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். சாயம் ஆயுசுக்கும் நிற்கும், துணி இரண்டு மடங்கு உழைக்கும், பூமிக்கும் நல்லது" என்று துவைகல் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். கீழே நன்றி சொல்லி வரிசையாக நிற்கிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

பருத்தித் துணியில் இன்று பெரும்பாலும் இருப்பது ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்வது காரத்தில், ஏறக்குறைய pH 11இல், 60 டிகிரிச் சூட்டில். வினிகர் அமிலம். காரம் செய்யும் வேலையை அமிலம் எப்படிச் செய்யும்? சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை போடுவார்கள், அதுவும் சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப் பக்கம் தள்ளுவதற்காக. பிணைப்பது உப்பு இல்லை, அதற்குப் பிறகு போடும் சோடா என்ற காரம். பத்து லிட்டர் வாளியில் ஒரு கைப்பிடி என்றால் லிட்டருக்கு 5 கிராம் தேறும். அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் உத்தரவாதமா?

துவைகல்:
வெள்ளாவி சார், பாடம் நல்லா எடுக்கறீங்க. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஒரே துணியில ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒண்ணை வெறும் தண்ணியில போடுங்க, இன்னொண்ணை உப்பு, வினிகர் தண்ணியில போடுங்க. வெறும் தண்ணி கலர் ஆகும், உப்புத் தண்ணி தெளிவா இருக்கும். கண்ணுக்கு முன்னாடி தெரியறதை ஃபார்முலா போட்டு இல்லைன்னு சொல்லாதீங்க. தண்ணி தெளிவா இருந்துச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

வெள்ளாவி:
தெளிவாக இருக்கும். யார் மறுத்தது? உப்புக் கரைசலில் சாயம் துணியை விட்டு இறங்கத் தயங்கும், அதனால்தான் பட்டறையிலும் உப்பு போடுகிறார்கள். அதே துண்டை எடுத்து உப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில், கொஞ்சம் சலவைத்தூளோடு போடுங்கள். நேற்று இறங்காத சாயம் இன்று இறங்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் சாயம் நின்றுவிட்டது என்று ஆகாது.

புதுத் துணியில் இறங்குவது பெரும்பாலும் இழையோடு சேராமல் போன மிச்சச் சாயம். பட்டறையில் கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்றியிருக்க வேண்டியதை, அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அது வெளியே போகத்தான் வேண்டும். உப்புப் போட்டு உள்ளேயே நிறுத்தினால், அடுத்த சலவையில் பக்கத்தில் கிடக்கும் வெள்ளைச் சட்டைமேல்தான் ஏறும்.

மஞ்சள்நூல்:
ரெண்டு பேரும் 'துணி', 'துணி' என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பட்டும் கம்பளியும் துணி இல்லையா? அவற்றில் பெரும்பாலும் இருப்பது அமிலச் சாயம், சேர்வதே அமிலத்தில்தான். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் சலவைத்தூளின் காரம் முறியும், பட்டின் பளபளப்பும் திரும்பும். துவைகல் சொன்னதில் பாதியாவது சரி.

துவைகல்:
அப்படிச் சொல்லுங்க! பாதி சரின்னு ஒருத்தராவது ஒத்துக்கிட்டீங்க. தண்ணி தெளிவா இருந்துச்சுன்னு வெள்ளாவியே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?

வெள்ளாவி:
மஞ்சள்நூல், அமிலச் சாயம் சேர்வது கொதிநிலையை ஒட்டிய சூட்டில். பச்சைத் தண்ணீர் வாளியில் புதிதாக எதுவும் சேராது. கடைசி அலசலில் வினிகர் விடுவது வேறு, ராத்திரி முழுக்க உப்பில் ஊறவைப்பது வேறு. பட்டை ராத்திரி முழுக்க ஊறப்போடச் சொல்லி யாராவது வந்தால் நீங்களே அடிக்கப் போவீர்கள்.

அந்த 'ராத்திரி முழுக்க' என்பதுதான் இதில் மோசம். கோடு போட்ட துணியில் கறுப்புக் கோட்டிலிருந்து இறங்கும் சாயம் எட்டு மணி நேரமும் பக்கத்து வெள்ளைக் கோட்டில் ஊறிக்கொண்டிருக்கும். இரும்புக் கொக்கியோ முலாம் போன ஜிப்போ இருந்தால் உப்பும் அமிலமும் சேர்ந்து துருவைக் கிளப்பும், காலையில் அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கும். துருக்கறை சலவைத்தூளில் போகாது.

பொத்தான்:
ஒரு எச்சரிக்கை, சண்டைக்கு நடுவில் காணாமல் போய்விடக் கூடாது. குளோரின் பிளீச் போட்ட தண்ணீரில் வினிகரை ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிளீச் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் இழையையும் அரிக்கும், இடுப்புப் பட்டி தொளதொளத்துப் போக அதுவும் ஒரு காரணம்.

துவைகல்:
நான் எங்க பிளீச் பத்திப் பேசினேன்? வினிகர்னு சொன்னா விஷவாயு வரைக்கும் போயிடறீங்க. சாயத்துக்கு வாங்க.

இழைப்பிரி:
சாயத்துக்கே வருகிறேன். ஊறவைக்கும் ரசாயனத்தைவிடத் தண்ணீரின் சூடும் சலவை நேரமும்தான் பெரிய விஷயம். 2020இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 25 டிகிரி, 30 நிமிடச் சலவையை 40 டிகிரி, 85 நிமிடச் சலவையோடு ஒப்பிட்டார்கள். குளிர்ந்த, குறுகிய சலவையில் சாய இழப்பும் குறைவு, இழைத்துகள் உதிர்வதும் குறைவு. தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரமும் மிச்சம். துணியும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும். ஒரு கைப்பிடி உப்பு சாக்கடைக்குத்தான் போகிறது.

துவைகல்:
அந்த ஆய்வுல சலவைத்தூள் கம்பெனியும் கூட்டு. தூள் விக்கறவன் சொன்னா ஆராய்ச்சி, நான் சொன்னா மூடநம்பிக்கையா?

இழைப்பிரி:
பிராக்டர் அண்ட் கேம்பிள் அதில் பங்கெடுத்தது உண்மை, ஒளித்து வைக்கவில்லை. முடிவில் எது தப்பு என்று சொல்லுங்கள்.

வெள்ளாவி:
முடிவில் தப்பில்லை, அதை எல்லாத் துணிக்கும் நீட்டுவதுதான் தப்பு. கழுத்துப் பட்டையில் ஏறும் உடம்பு எண்ணெய் 25 டிகிரியில் முழுதாகக் கரையாது. பாலியஸ்டர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நாற்றம் அங்கேதான் குடியிருக்கும். கழுத்து, அக்குள் இரண்டிலும் துவைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பாகத் திரவ டிடர்ஜென்ட் ஒரு சொட்டு தேய்த்து வைத்தால் குளிர்ந்த தண்ணீர் போதும். இல்லாவிட்டால் நாற்றத்துக்காக அதே சட்டையை ரெண்டு தடவை துவைப்பார்கள். அதில் என்ன மிச்சம்?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரும் பேசுவதில்லை. கறுப்புப் பருத்திச் சட்டையின் கழுத்து மடிப்பையும் தையல் விளிம்பையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளுத்த மாதிரித் தெரிவது பல நேரம் சாயம் போனதால் இல்லை. உராய்வில் இழை பிய்ந்து, மயிர் மயிராக எழுந்து நிற்கும். அந்தப் பிசிறு ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. விரலை நனைத்து அந்த இடத்தைத் தடவினால் பிசிறு படிந்து கறுப்பு திரும்பும், காய்ந்ததும் மறுபடி சாம்பல். இதற்கு உப்பு என்ன செய்யும்? துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள், ஜிப்பை மூடுங்கள், ஜீன்ஸையும் துண்டையும் மெல்லிய சட்டையோடு போடாதீர்கள். செல்லுலேஸ் என்சைம் உள்ள டிடர்ஜென்ட் அந்தப் பிசிறைக் கடித்து எடுக்கும், நிறம் தெளியும். ஆயுள் என்றால் இதுதான் ஆயுள்.

மஞ்சள்நூல்:
செல்லுலேஸ் பருத்தியையே கொஞ்சம் தின்றுதானே பிசிறை எடுக்கிறது? மெல்லிய துணியில் அது தேய்மானம். ஆயுள் என்று சொல்லி அரிப்பை விற்கிறீர்கள். கூடவே புரதத்தைத் தின்னும் புரோட்டியேஸ் என்சைம் உள்ள தூளாக இருந்தால், புரத இழைகளான பட்டும் கம்பளியும் போயே போச்சு.

வெள்ளாவி:
பட்டுக்குச் சொல்லவில்லை, பருத்தி என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள். போன மாதம் கம்பளி சுருங்குவது பற்றிய பேச்சிலும் இதே வேலைதான் செய்தீர்கள். ஈரத்தோடு சூடும் அசைவும் சேர்ந்தால்தான் கம்பளி செதில்கள் பின்னிச் சுருங்கும் என்றேன். சூடு மட்டும்தான் காரணம் என்று கடைசிவரை நின்றீர்கள்.

மஞ்சள்நூல்:
இன்னும் அதை மறக்கவில்லையா? அங்கே நான் சொன்னது வேறு. இங்கே இழுக்காதீர்கள்.

துவைகல்:
ஐயா, அம்மா, எல்லாரும் எங்கேயோ போயிட்டீங்க. உப்புத் தண்ணியில சாயம் இறங்கலை. இறங்காத சாயம் துணியிலதானே இருக்கு? துணியில இருக்கற சாயம் நின்ன சாயம்தான். இதுக்கு மேல என்ன வேணும்?

வெள்ளாவி:
அடுத்த சலவையையும் தாங்க வேண்டும், அதுதான் வேண்டும். ISO 105-C06 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. சாயத் துணியோடு வெள்ளைத் துணியைத் தைத்து, டிடர்ஜென்ட் போட்டுச் சுழற்றி, நிறம் எவ்வளவு போனது, வெள்ளையில் எவ்வளவு ஏறியது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். தெளிந்த தண்ணீருக்கு அங்கே மதிப்பெண்ணே கிடையாது.

அதையே எளிதாகச் செய்து பார்க்கலாம். வெள்ளைப் பருத்தித் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜென்ட் ஒரு சொட்டு விட்டு நனைத்துப் பிழியுங்கள். புதுத் துணியின் உள்தையலில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் பத்து விநாடி அழுத்துங்கள். வெள்ளைத் துண்டில் கறை ஏறினால் முதல் இரண்டு மூன்று சலவை தனியாக. காய்ந்த துண்டால் தேய்த்தாலே நீலம் வருகிறதென்றால் அது பெரும்பாலும் ஜீன்ஸில் போடும் இண்டிகோ. அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, நூலின் வெளிப்புறத்தில்தான் உட்கார்ந்திருக்கும், தேயத் தேயப் போகும். வாளி வாளியாக வினிகர் ஊற்றினாலும் ஜீன்ஸ் வெளுக்கத்தான் செய்யும்.

உண்மையிலேயே சாயத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றால் அதற்கென்றே கேட்டயானிக் ஃபிக்ஸர், அதாவது நேர்மின்னேற்றத்தால் சாயத்தைப் பிடித்துவைக்கும் மருந்து, விற்கிறார்கள். வேதிப்பிணைப்பு இல்லாமல் இழையில் ஒட்டும் டைரக்ட் சாயத்தில் நன்றாக வேலை செய்யும். சில சாயங்களில் வெயில் தாங்கும் திறனைக் குறைத்துவிடும், அதனால் நிழலில் காயப்போடுங்கள்.

பொத்தான்:
ஜீன்ஸை ஏன் துவைக்க வேண்டும்? லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத் தலைவராக இருந்த சிப் பெர்க் 2014இல் தான் போட்டிருந்த ஜீன்ஸை ஒரு வருடம் துவைக்கவில்லை என்று மேடையிலேயே சொன்னார். துவைக்காத துணிதான் நீடிக்கும்.

இழைப்பிரி:
கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான். அதை விட்டுவிட்டீர்கள். வியர்வையும் மண்ணும் ஏறிய ஜீன்ஸ் தொடை மடிப்பில் உரசி உரசிக் கிழியும். அழுக்கும் உராய்வுப் பொருள்தான்.

பொத்தான்:
ஃப்ரீஸரில் வைத்தால் கிருமி செத்துவிடும், துவைக்கவே வேண்டாம்.

வெள்ளாவி:
சாகாது. குளிரில் தூங்கும், உடம்புச் சூடு பட்டதும் எழுந்துவிடும். எண்ணெயும் வியர்வை உப்பும் அப்படியே இருக்கும். ஒருவர் உப்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் உப்பை உறையவைக்கச் சொல்கிறார்.

துவைகல்:
நக்கல் வேண்டாம். வினிகர் துண்டுக்கும் நல்லதுதான். துண்டு சொரசொரன்னு இருக்கறது கடின நீரோட சுண்ணாம்புப் படிவு, வினிகர் அதைக் கரைக்கும். கண்டிஷனர் ஊத்தினா துண்டு மேல மெழுகு மாதிரிப் படிஞ்சு தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது. இதையும் இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

வெள்ளாவி:
சுண்ணாம்பு பற்றிச் சொன்னது சரி, கண்டிஷனர் பற்றிச் சொன்னதும் சரி. நான் கேட்டது சாயத்தைப் பற்றி. நீங்கள் துண்டுக்குத் தாவிவிட்டீர்கள். துண்டு சொரசொரக்க இன்னொரு காரணம் தூளை அள்ளிக் கொட்டுவது. அலசலில் போகாமல் மிச்சம் இழைக்குள்ளேயே காய்கிறது. அதற்காக அளவைப் பாதியாக வெட்டுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடவும் முடியாது. கடின நீரில் தூள் போதாவிட்டால் கழன்ற அழுக்கு மறுபடி துணியிலேயே படியும், வெள்ளை சாம்பலாகும். நீரின் கடினம், துணியின் எடை, அழுக்கு மூன்றையும் பார்த்துத்தான் பாக்கெட்டில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதைப் படியுங்கள்.

துவைகல்:
சரின்னு ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

வெள்ளாவி:
சாயத்துக்கும் சேர்த்தா எழுதினேன்? முழு வாக்கியத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழைப்பிரி:
அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. நல்லது என்று நினைத்து எல்லோரும் போடும் 'டெலிகேட்' சுற்றில் தண்ணீர் அதிகம். 2019இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வில் அந்தச் சுற்றில்தான் பிளாஸ்டிக் இழையான பாலியஸ்டரின் துகள் கூடுதலாக உதிர்ந்தது. துணிக்குத் தண்ணீர் விகிதம் கூடக் கூட உதிர்வும் கூடுகிறது. ஆகவே டிரம்மை நிரப்பித்தான் போட வேண்டும்.

மஞ்சள்நூல்:
நிரப்பினால் அலசாது. மடிப்பு மடிப்பாகச் சோப்பு நிற்கும், அதைப் போக்க இன்னொரு அலசல், இன்னும் தண்ணீர். பட்டு ரவிக்கையை டெலிகேட்டில் போடாமல் எதில் போடுவது?

இழைப்பிரி:
நான் பாலியஸ்டரைச் சொன்னேன். பட்டு பிளாஸ்டிக் இல்லை.

வெள்ளாவி:
நிரப்புவது என்றால் திணிப்பது இல்லை. ஃப்ரன்ட் லோடில் துணிக்கு மேலே ஒரு உள்ளங்கை நிற்கிற இடம் வேண்டும். கை நுழையாவிட்டால் அதிகம். பாதிக்கும் கீழே போட்டால் துணி மேலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்து அடிபடும், அதுவும் தேய்மானம்தான்.

இழைப்பிரி:
பாலியஸ்டருக்கும் அதே உள்ளங்கைதானா? சிந்தெடிக் சுற்றுக்கு மெஷின் கையேட்டிலேயே பருத்தியில் பாதி எடைதான் போட்டிருக்கும்.

வெள்ளாவி:
எடை வேறு, இடம் வேறு.

துவைகல்:
ஆரம்பிச்சுட்டாங்க. டாப் லோட் வெச்சிருக்கறவன் எந்த உள்ளங்கையை எங்க வெக்கறது, அதைச் சொல்லுங்க முதல்ல.