ஈரல் நோயாளிக்கு நினைவு தடுமாறுவது ஏன்?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 64. குடிப்பழக்கம் இல்லாதவர். சர்க்கரை நோயும் கொழுப்பு ஈரலும் முற்றி, கல்லீரல் சுருங்கிவிட்டதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதால் நீர் பிரியும் மாத்திரை எடுத்துவருகிறார். பத்து நாட்களாகப் பகலெல்லாம் உறங்கி வழிகிறார். இரவில் வீட்டுக்குள் உலாவுகிறார். முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பால் கணக்கை எழுதுபவர் அவர்தான். நேற்று நோட்டைப் பார்த்தால், ஒரே தேதியை மூன்று முறை எழுதி, லிட்டர் எழுத வேண்டிய கட்டத்தில் வீட்டு எண்ணை எழுதிவைத்திருக்கிறார். உறவினர்கள் வயதுக் கோளாறு என்கிறார்கள். தெருமுனை மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். புரதம் ஆகாது என்று யாரோ சொன்னதால் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டோம். ஈரலில் உள்ள நோய் மூளையை எப்படித் தொடும்? இது இனித் திரும்பாத மறதியா?

மறுமொழி 1 (பொது மருத்துவர்):
காரணத்தைப் பிறகு படியுங்கள்; முதலில் அவரை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தூக்க மாத்திரையை இனிக் கொடுக்காதீர்கள். நீங்கள் விவரிப்பது, ஈரல் பழுதால் மூளையின் செயல் தடுமாறும் ஹெபாட்டிக் என்செஃபலோபதி எனப்படும் நிலையாக இருக்கக்கூடும். இரவும் பகலும் இடம் மாறுவது அதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் குழப்பம் மயக்கமாகி, கோமா வரை போகலாம்.

குடலில் உணவுப் புரதம் சிதையும்போது அமோனியா உருவாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலால் அந்த வேலையை முழுதும் செய்ய முடிவதில்லை; போதாததற்கு, ஈரலுக்குள் நுழைய வழியில்லாத இரத்தம் பக்கக் குழாய்களைத் திறந்துகொண்டு, சுத்தம் செய்யப்படாமலேயே உடலெங்கும் போகிறது. மூளையில் அமோனியாவைக் கையாளும் பொறுப்பு ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களுடையது. அவை அதைக் குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்க, அதன் பின்னாலேயே நீரும் உள்ளே வந்து செல்கள் உப்புகின்றன. நரம்புச் செல்கள் அழிவதை விட அவற்றின் சூழல் கெடுவதுதான் இங்கே முக்கியம். ஆகவே பெரும்பாலும் மீண்டுவிடலாம், ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் சிறிது குறை தங்கிவிடுவதும் உண்டு.

இதுநாள் வரை தாக்குப்பிடித்தவர் இப்போது தடுமாற ஏதோ ஒன்று தூண்டியிருக்கும். மலச்சிக்கல், உணவுக்குழாய் நாளத்தில் இரத்தக்கசிவு, வயிற்று நீரில் கிருமித் தொற்று, நீர் பிரியும் மாத்திரையால் சோடியமோ பொட்டாசியமோ இறங்குவது, தூக்க மருந்து ஆகியவை வழக்கமான காரணங்கள். இரத்தக்கசிவின் அடையாளமாக மலம் தார் போலக் கறுத்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கைகளை நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் கை படபடவென்று விழுந்து எழும். 1949 இல் ஆடம்ஸ், ஃபோலி என்ற இருவர் விவரித்த அறிகுறி இது, இன்றும் நோயாளியின் கட்டிலருகே முதலில் பார்ப்பது இதைத்தான். அதே வேளையில் சர்க்கரை இறங்கியிருக்கிறதா, விழுந்து தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும்.

மறுமொழி 2 (நோயாளியின் மனைவி):
என் கணவருக்கு இந்தச் சிக்கல் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. லாக்டுலோஸ் என்ற பாகு மருந்தை எழுதித் தருவார்கள். தேனை விடத் திகட்டும், அவர் முகம் சுளிக்காமல் குடித்த நாளே இல்லை. அது குடலைப் புளிப்பாக்கி அமோனியாவை அங்கேயே கட்டிப்போட்டு மலத்தோடு வெளியேற்றுகிறது என்று எனக்கு விளக்கினார்கள். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே கணக்கு. அதற்கு மேல் போனால் உடலில் நீர் வற்றி மறுபடியும் அதே குழப்பம் வரும், ஆகவே கூட்டிக் குறைப்பதற்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு திருமணத்துக்குப் பேருந்தில் போக வேண்டியிருந்தபோது, வழியில் தொல்லையாகிவிடும் என்று இரண்டு நாள் நிறுத்திவைத்தோம். மூன்றாம் நாள் மண்டபத்தில் என் தங்கையை யாரென்று கேட்டார். அன்றிலிருந்து காலையில் அவரை ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வைக்கிறேன். எழுத்து கோணத் தொடங்கினால் வாய்ப்பேச்சு தடுமாறுவதற்கு ஒரு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டே போதும்.

மறுமொழி 3 (உணவியல் வல்லுநர்):
பருப்பை நிறுத்தியது தவறு, ஆனால் அந்த அறிவுரை எங்கிருந்தோ திடீரென வந்ததும் அல்ல. ஈரலுக்குப் போகும் இரத்தத்தை நேரே பெருநாளத்துக்குத் திருப்பும் அறுவைச் சிகிச்சையை எக் என்ற ரஷ்யர் 1877 இல் நாய்களில் செய்தார். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1893 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றபின் தள்ளாடின, சில நினைவிழந்தன. அந்தத் தடம் பிடித்துப் பல பத்தாண்டுகள் நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைத்தார்கள். தசையும் அமோனியாவை ஏற்றுக்கொள்ளும் இடம் என்பதால், தசை கரையக் கரைய மூளைக்குத்தான் சுமை கூடும். இப்போது எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடைக்கு 72 முதல் 90 கிராம். நீர் கோத்த எடையை இதில் சேர்க்கக்கூடாது. பருப்பும் தயிரும் பலருக்கும் ஒத்துப்போகும். இரவு படுக்குமுன் சிற்றுண்டி ஒன்று கொடுங்கள். நீண்ட பட்டினி ஆகாது.

கேள்வி கேட்டவர்:
அன்றே சேர்த்துவிட்டோம். சோடியம் மிகவும் இறங்கியிருந்தது, நான்கு நாட்களாக மலமும் கழியவில்லை என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. எனிமாவும் லாக்டுலோஸும் கொடுத்து, நீர் பிரியும் மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர், இதில் யார் கிறுக்கிவைத்தது என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது, குடல் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் ரிஃபாக்சிமின் மாத்திரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதை எத்தனை மாதம் தொடர வேண்டியிருக்கும் என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும்.