ஆலயத் திருமணம்: நடுப்பாதைப் பூ அலங்காரத்தைக் குறைந்த செலவில் செய்வது எப்படி?

கேள்வி (பாம்பன்):
ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரத்தில், எங்கள் பங்கு ஆலயத்தில் என் தங்கையின் திருமணம் நடைபெற உள்ளது. வாசலிலிருந்து பீடம் வரை ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள நடுப்பாதை முழுவதும் ரோஜா இதழ்களைப் பரப்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் பூவுக்கென நாங்கள் ஒதுக்கியிருப்பது 8,000 ரூபாய்தான். அலங்காரக்காரர் ஒருவர் கேட்ட தொகையோ அதைப் போல் நான்கு மடங்கு. காற்றுக்காகப் பக்கக் கதவுகளும் திறந்தே இருக்கும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (தங்கச்சிமடம்):
தம்பி, கடற்காற்று வீசும் ஆலயத்தில் இதழ் பரப்பவே வேண்டாம். என் மகள் திருமணத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். பெண் உள்ளே வருவதற்குள் பாதி இதழ்கள் பெஞ்சுகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மீதி மிதிபட்டுத் தரையில் கறையாகப் படிந்ததால், மறுநாள் காலை நாங்களே தேய்த்துக் கழுவ நேர்ந்தது. வயதான உறவினர் ஒருவர் வழுக்கி விழப் பார்த்தார் என்பது தனிக்கதை. இதழ்களைச் சிறு ஓலைக்கொட்டான்களில் நிரப்பிப் பிள்ளைகளிடம் கொடுத்து, பூசை முடிந்து மணமக்கள் வெளியே வரும்போது வாசலில் தூவச் சொல்லுங்கள். அதற்கு மூன்று கிலோ பன்னீர் ரோஜா தாராளமாகப் போதும். முதல்நாளே உதிர்த்து பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்துக் கறுத்துவிடும். பூவாகவே ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் உதிர்ப்பதே நல்லது.

மறுமொழி (சாயல்குடி):
பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நடுப்பாதையின் அழகு தரையில் இல்லை, பெஞ்சு ஓரங்களில்தான் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவையும் கிளியும் முடையத் தெரிந்த கைகள் உங்கள் ஊரிலும் இருக்கும்; அவர்களைக் கொண்டு பனங்குருத்தில் பூங்கொத்துப் போல் முடைந்து, ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சில் நூலால் கட்டி, நடுவில் இரண்டு சம்பங்கித் தண்டுகளைச் செருகினால் போதும். குருத்தோலை வாடினாலும் வெளிர் மஞ்சளாக நிற்கும் என்பதால், ஒரு வாரம் முன்னதாகவே முடையும் வேலையை முடித்துவிடலாம். ஆணி, ஒட்டுநாடா வேண்டாம். பெஞ்சின் வார்னிஷ் பெயர்ந்தால் பங்குத்தந்தையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மல்லிகைச் சரமும் சேர்க்கலாமா?

மறுமொழி (தங்கச்சிமடம்):
சித்திரையில் மல்லிகை வரத்து நன்றாக இருக்கும். இருப்பினும் முகூர்த்த நாளானால் விலை ஏறிவிடும். நாட்காட்டியைப் பார்த்து, அதற்கு முந்தைய அல்லது பிந்தைய நாளைக் கேட்டுப் பாருங்கள். சரத்தைப் பீடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வேறொரு திருமணமும் இருந்தால், அந்த வீட்டாரிடம் பேசிப் பீட அலங்காரச் செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.