மறுமொழி: சப்ஜங்டிவ் – ‘வியங்கோள்’ போதாது

> ‘கோட் சேவ் த கிங்’ = ‘இறைவன் அரசரைக் காக்க’. ஆகவே சப்ஜங்டிவ் என்பது வியங்கோள்தான். வேலை முடிந்தது.

முடியவில்லை, டீச்சர். ஆங்கில இலக்கணத்தில் ‘சப்ஜங்டிவ்’ எனப்படும் வினை வடிவத்துக்கு நம் கலைச்சொற் பட்டியலில் போட ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வாழ்த்துக்கு வியங்கோள் அச்சொட்டாகப் பொருந்துகிறது, சரி. ஆனால் கல்முனையில் என்னிடம் வரும் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் முட்டுப்படுவது ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற இடத்தில். ‘நான் நீயாக இருந்தால்’ என்பதை வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் நான்கில் எதற்குள் தள்ளுவது? வியங்கோள் என்று பலகையில் எழுதினால் அடுத்த பாடத்துக்கு வரும் தமிழ் சேர் அதை அழித்துவிட்டுத்தான் தொடங்குவார்.

> அப்ப ‘நிபந்தனை வினை’?

தம்பி, ‘இஃப்’ வந்த இடமெல்லாம் சப்ஜங்டிவ் இல்லையே. ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ சாதாரண வினைதான், மழை வரவும் கூடும். ‘இஃப்’ இல்லாமலும் சப்ஜங்டிவ் வரும். ‘தே இன்சிஸ்டட் தட் ஹீ பே’ என்றால், அவர் காசு கட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கட்டினாரா என்பது தெரியாது. ‘ஹீ பெய்ட்’ என்று மாற்றுங்கள்: அவர் கட்டிவிட்டார் என்று அடித்துச் சொன்னார்கள். முதலாவதில் ‘ஹீ’க்கு உரிய ‘ஸ்’ஸும் இல்லை, இறந்தகாலமும் இல்லை. வெறும் ‘பே’. (பிரித்தானிய வழக்கில் ‘ஷுட் பே’ என்று போட்டுத் தப்பிவிடுவதும் உண்டு.)

‘சேவ்’, ‘வேர்’, ‘பே’ மூன்றுக்கும் பொது என்ன? நடந்தது, நடக்கிறது என்று சாதிக்காமல், மனதில் வைத்துச் சொல்லும் வினை. அதனால் ‘கருதுவினை’ என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை; வாயில் நிற்கும். ‘கருதுகோள்’ விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம்.

‘வேர்’ இறந்தகாலம் போலத் தெரிவதால் பெயரில் காலத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ‘நாளைக்கு மழை பெய்தால் வகுப்பில்லை’ என்று மாரிகாலம் முழுக்கச் சொல்கிறோம். இனிமேல் வரப்போகும் மழைக்கு ‘பெய்த்’ என்ற இறந்தகால அடியை ஏன் போட்டோம் என்று யாராவது யோசித்தோமா? வகுப்பில் இதைக் காட்டினால் ‘வேர்’ மேல் உள்ள பாதிப் பயம் போய்விடும்.

1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குக் காரைதீவு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கியதை நினைவூட்டி, தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்ற மடலையும் பார்த்தேன். ‘கருதுவினை’ அதற்கும் தாங்கும்.

மறுகா, ‘மூட்’டுக்கு (சப்ஜங்டிவ், ஏவல் போன்ற வினை வகைகளுக்கான பொதுப் பெயர்) வெறும் ‘பாங்கு’ என்று போடாதீர்கள். காத்தான்குடியில் பாங்கு என்றால் பள்ளிவாசலில் சொல்லும் தொழுகை அழைப்பு. ‘வினைப்பாங்கு’ என்று சேர்த்தெழுதினால் குழப்பமில்லை. மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.