சாஃப்ட் பாடி: 'மென்பொருள்' என்று எழுத முடியாதே, வேறென்ன சொல்வது?

வணக்கம்.

கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றின் அமைப்புத் திரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேகம், திருப்பம், பிடிமானம் எல்லாம் ஓடிவிட்டன. 'டேமேஜ்' என்ற பகுதிக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. சிக்கல் 'சாஃப்ட் பாடி பிசிக்ஸ்' என்ற தொடரில். அடிபட்டால் வடிவம் மாறும் பொருள்களைக் கணக்கிடும் முறை அது.

அதற்கு நேரெதிரான, வடிவம் மாறாத 'ரிஜிட் பாடி'க்குப் பாடநூலில் திண்பொருள் என்று அழகான சொல் இருக்கிறது. அதே வழியில் போனால் இதற்கு மென் + பொருள். 'மென்பொருள் இயற்பியல்' என்று தட்டச்சிட்டுவிட்டு நானே சிரித்துவிட்டேன். சரி, 'உடல்' என்று வைக்கலாம் என்றால் மெல்லுடல் வருகிறது. விலங்கியல் படித்தவர் கண்ணுக்கு உடனே நத்தையும் கணவாயும் தெரியும். மெல்லுடலிகள் என்பது அவற்றின் தொகுதிப் பெயர். இரண்டு கதவும் அடைபட்டுவிட்டன. யாராவது மூன்றாவது கதவைக் காட்டுங்கள்.

* * *

> இரண்டு கதவும் அடைபட்டுவிட்டன.

நல்லதே நடந்தது என்பேன். அந்தக் கதவுகள் திறந்திருந்தால் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு நகர்ந்திருப்போம். கார் எதுவும் மென்மையானதல்ல. இரும்புத் தகட்டை 'மென்' என்று ஏன் சொல்ல வேண்டும்? ஆங்கிலத்தில் 'ரிஜிட்'டுக்கு எதிர்ச்சொல்லாக 'சாஃப்ட்' வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை. அகராதியை மூடிவைத்துவிட்டு, விளையாட்டுக்குள் கார் அடிபடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலான பந்தய விளையாட்டுகளில் கார் ஒரு திண்பொருள். அதாவது அதன் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு எப்போதும் மாறாது. சுவரில் மோதினால் திரும்பித் துள்ளும், சுழலும், ஆனால் உள்ளே ஒரு மில்லிமீட்டரும் அசையாது. அப்படியானால் திரையில் தெரியும் அடி? அது வேடம். நல்ல பம்பரை எடுத்துவிட்டு முன்பே செய்துவைத்த உடைந்த பம்பரை மாட்டுவார்கள். கதவின் மேல் கீறல் படம் ஒன்றை ஒட்டுவார்கள். கொஞ்சம் முன்னேறிய விளையாட்டுகளில், காரின் தோற்றத்தை வரையும் வலைப்பின்னலில், அடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள புள்ளிகளை உள்பக்கமாகத் தள்ளுவார்கள். பானெட் குழிந்து தெரியும். ஆனால் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு அந்தக் கார் இன்னமும் அதே பழைய பெட்டிதான். குழிந்தது தோல் மட்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1995-ல் வந்த டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி மோதுவதையே ஆட்டமாக்கி, அன்றைய பிளேஸ்டேஷனில் முடிந்ததைச் செய்தது. மாறாக 1997-ல் வந்த முதல் கிரான் டூரிஸ்மோ ஓட்டும் உணர்வுக்கு அவ்வளவு பாடுபட்டும், காரைக் கொண்டுபோய் எதில் இடித்தாலும் ஒரு கீறல் விழாது. கண்ணுக்குத் தெரியும் சேதம் அந்த வரிசையில் வர 2010 ஆகி, ஐந்தாம் பாகம் வெளிவர வேண்டியிருந்தது. உண்மையான நிறுவனங்களின் கார்களை உரிமம் வாங்கிக் காட்டும்போது, தங்கள் கார் அப்பளமாவதை அந்த நிறுவனங்கள் விரும்புவதில்லை என்பது இந்தத் துறையில் பலகாலமாகச் சொல்லப்படுவது. பர்ன்அவுட் வரிசையும் 2018-ல் முழுமையாக வெளிவந்த ரெக்ஃபெஸ்டும் காரை அந்தப் பாடு படுத்துவதைப் பாருங்கள். இரண்டிலும் கார்கள் கற்பனைப் பெயர் கொண்டவை.

இப்போது நம் சொல்லுக்குரிய ஆள். 2005-ல் தொடங்கிய ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் என்ற விளையாட்டும், அதில் உழைத்தவர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி 2013-ல் முதலில் வெளிவந்த பீம்என்ஜி டிரைவும் காரை ஒரே கட்டியாக வைத்துக்கொள்வதில்லை. சில நூறு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. அந்தப் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்கும், எடையில்லாத ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஆங்கிலத்தில் நோட், பீம் என்கிறார்கள். நோட் என்பதற்குக் கணு என்பது ஏற்கெனவே நம்மிடம் உண்டு. பீம் என்பதற்கு 'உத்தரம்' என்று போனால் வீட்டுக்கூரை ஞாபகம் வரும். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் இருப்பதைத் தாவரவியல் கணுவிடை என்கிறது. மூங்கிலைப் பார்த்து வைத்த பெயர். காரில் ஒரு கணுவிலிருந்து பத்துத் திசைகளில் கணுவிடை கிளம்பும் என்பது ஒன்றுதான் வேறுபாடு. இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஒவ்வொரு கணுவிடைக்கும் நான்கு குணங்களை எழுதிவைக்கிறார்கள்: எவ்வளவு விறைப்பான வில், அதிர்வை எவ்வளவு தணிக்கும், எவ்வளவு விசைக்கு மேல் போனால் பழைய நீளத்துக்குத் திரும்பாது, எவ்வளவுக்கு மேல் போனால் அறுந்துவிடும். முழு விபத்தும் இந்த நான்கிலிருந்தே வருகிறது. 'இந்த இடத்தில் குழி விழட்டும்' என்று யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. தூணில் இடித்தால் தூணின் வடிவத்தில் உள்ளே போகும். முன்சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்தால், அதற்கப்புறம் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும். தோலும் எலும்பும் ஒன்றாக அடிபடுகின்றன.

இதற்கு விலை உண்டு. காட்சி நொடிக்கு 60 முறை வரையப்படுகிறது. பீம்என்ஜியில் கணுக்களின் கணக்கு நொடிக்கு 2000 முறை போடப்படுகிறது. ஏன் இவ்வளவு? மணிக்கு 64 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 மீட்டர். கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் பல ஆண்டுகள் முன்பக்க மோதல் சோதனை நடத்திய வேகம் அது. ஐந்து மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். இந்த வேகத்தில் ஒரு நொடியின் 60-ல் ஒரு பங்குக்குள் கார் 30 சென்டிமீட்டர் போய்விடும். காரின் மூக்கு முழுவதும் நசுங்குவதை இரண்டு மூன்று கணக்கில் முடிக்க வேண்டியிருக்கும். நொடியின் 2000-ல் ஒரு பங்கு என்றால் 9 மில்லிமீட்டர். அப்போதுதான் எந்தக் கணுவிடை முதலில் தளர்ந்தது, அடுத்து எது என்று வரிசை தெரியும். அந்த வரிசைதான் உண்மைத்தன்மை. கோபமாகச் சிதறும் உதிரிப்பாகங்கள் அல்ல.

ஆக, சொல்லில் இருக்க வேண்டியது மென்மை இல்லை. அடிபட்டால் வடிவம் விட்டுக்கொடுக்கும் என்பதே. இங்கேதான் தமிழ் நமக்குக் கொட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் டேமேஜ் என்று ஒரே மூட்டை. நம்மிடம் வினைகள் தனித்தனி. பெயின்ட் சிராய்கிறது. பம்பர் பிய்கிறது. சக்கரம் கழல்கிறது. சட்டகம் முறுக்கிக்கொள்கிறது. இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டினால் நசுங்குகிறது. கதவு உள்வாங்கினால் ஒடுக்கு விழுகிறது. சிலர் சொட்டை என்பார்கள். மெல்லிய தகடு தாள் மாதிரி மடிந்தால் கசங்குகிறது. கண்ணாடி நொறுங்குகிறது. அதிலும் பக்கக் கண்ணாடிதான் நொறுங்கி உதிரும். முன்கண்ணாடியில் இரு தகடுகளுக்கு நடுவே ஒட்டுப்படலம் இருப்பதால் விரிசல் விட்டுத் தொங்குமே தவிர உதிராது. முன்கண்ணாடியைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவிடும் விளையாட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கைகள் பரபரக்கும்.

இந்த வினைகளில் பொதுவானதைத் தேடினால் நான் வந்து நிற்பது 'நெளி' என்பதில். குடம் கீழே விழுந்தால் நெளிந்துவிட்டது என்கிறோம். உடையவில்லை, கிழியவில்லை, வடிவம் போய்விட்டது. தட்டினால் ஓரளவு வரும், முழுக்க வராது. வேண்டிய பொருள் அத்தனையும் அதற்குள் இருக்கிறது. திண்பொருளுக்கு ஜோடியாக நெளிபொருள். 'நெளிபொருள் இயற்பியல்'.

'நசுங்கு' என்பதோடு 'உடல்' சேர்க்கலாமே என்று யாராவது தொடங்கும் முன் சொல்லிவிடுகிறேன்: நசுங்குடல் என்று வரும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், குடல் எட்டிப்பார்க்கும்.

* * *

எல்லாம் சரி. மூன்று ஐயங்கள்.

ஒன்று, நெளி என்றதும் எனக்குப் புழுதான் வருகிறது. இரண்டு, சாஃப்ட் பாடி என்பது காருக்கு மட்டும் உரியதில்லை. துணி, ரப்பர் பந்து, விளையாட்டில் வரும் கதைமாந்தர்களின் தசை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். ரப்பர் பந்து குடத்தைப் போல நெளிந்தபடி கிடக்காது, திரும்பி வந்துவிடும். மூன்றாவது கொஞ்சம் கசப்பானது: விளையாடுகிறவர்கள் சாஃப்ட் பாடி என்றே சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் அதையே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

'நெகிழ்பொருள்' ஏன் கூடாது என்றும் யோசித்தேன். புழுவும் வராது, பந்தும் அடங்கும்.

* * *

மூன்றாவதற்கு முதலில் பதில். ஒன்றும் குறையாது. பேச்சில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அமைப்புத் திரையில் முதன்முறை அந்தத் தொடரைப் பார்க்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, 'சாஃப்ட் பாடி' எதையும் சொல்லாது; 'நெளிபொருள்' பாதியையாவது சொல்லிவிடும். அந்தப் பாதிக்காகத்தான் இந்த உழைப்பு.

புழு விஷயம். உயிருள்ளது தானாக நெளியும், உயிரற்றது அடிபட்டு நெளியும். பொருள் என்ற சொல் பின்னால் நிற்பதால் புழு உள்ளே வர இடமில்லை.

நெகிழ்பொருள் நல்ல சொல்தான், ஆனால் அந்த வேர் மிகவும் களைத்துப்போயிருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு நெகிழி. ஃப்ளாப்பிக்கு நெகிழ்வட்டு. விதிகளில் தளர்வு தருவதற்கு நெகிழ்வு. போதாததற்கு மனமும் நெகிழ்கிறது. லாரியில் மோதிய காரைப் பார்த்து நெகிழ்ந்தது என்று எப்படிச் சொல்வது? பார்த்தவர்தான் நெகிழ வேண்டும்.

பந்து பற்றிய ஐயம்தான் கனமானது. அதற்கு மேலே சொன்ன கணுவிடைக் குணங்களே வழிகாட்டும். முதல் எல்லை வரை வடிவம் மாறித் திரும்புகிறது: அது மீள்நெளிவு. எல்லை தாண்டினால் திரும்பாது: மீளா நெளிவு. இரண்டாவது எல்லையில் அறுகிறது: முறிவு. பந்து முதல் கட்டத்தோடு நின்றுவிடும் நெளிபொருள். கார் மூன்றையும் பார்த்துவிடும் நெளிபொருள். இயற்பியலில் மீட்சி மோதல், மீட்சியற்ற மோதல் என்று படித்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு புதிதாக இருக்காது. துணிக்கு நெளிவு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'டேமேஜ்' தலைப்பை சேதம் என்றே விடலாம். 'காஸ்மெடிக் டேமேஜ்' என்பதை மட்டும் ஒப்பனைச் சேதம் ஆக்கிவிடாதீர்கள், முகப்பூச்சு கலைந்தது போல் இருக்கும். தோற்றச் சேதம், இயக்கச் சேதம் போதும்.

* * *

> பார்த்தவர்தான் நெகிழ வேண்டும்.

இதற்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

திரையில் போட்டுப் பார்த்தேன். 'நெளிபொருள் இயற்பியல்' பொத்தானுக்குள் அடங்குகிறது. 'சேதம்: இல்லை, தோற்றம் மட்டும், முழுமை' என்பதும் படிக்க இயல்பாக இருக்கிறது. கணுவிடை, மீளா நெளிவு இரண்டும் கார் வடிவமைப்போருக்கான பக்கத்தில் மட்டும் வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. விளக்கக் குறிப்பில் 'கிரம்பிள் ஜோன்' வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'நொறுங்கு மண்டலம்' என்று இருக்கிறது. உங்கள் கணக்குப்படி நொறுங்குவது கண்ணாடி அல்லவா? 1950-களில் மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனி காப்புரிமை வாங்கிய யோசனையின் சாரமே, நடுக்கூண்டு விறைப்பாக நிற்க, முன்னும் பின்னும் மடிந்து மடிந்து மோதலின் ஆற்றலைத் தின்ன வேண்டும் என்பது. 1959-ல் அது விற்பனைக் காராக வந்தது. மடிந்து அடங்குவதைச் சொல்ல 'கசங்கு பகுதி' என்று மாற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள், கோப்பை அனுப்பிவிடுவேன்.

* * *

கசங்கு பகுதி அருமை. மறுப்பில்லை.

கோப்பில் ஒரே ஒரு திருத்தம். நான்கு இடங்களில் 'நெளிப்பொருள்' என்று ப் சேர்ந்திருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தி தானாகப் போட்டிருக்கும். இது வினைத்தொகை. ஏவுகணை, ஓடுதளம் போல நடுவில் ஒற்று மிகாது. நெளிந்த பொருள், நெளிகிற பொருள், நெளியும் பொருள் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ப் போட்டுவிட்டால் நெளி மோதிரம் விற்கிற இடத்துப் பொருளாகிவிடும். அந்த நான்கையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.